ப்ரீசீசனில் கோல் போட்ட பையனைக் கீழே அனுப்பிவிட்டு, ஒன்றும் செய்யாதவரை ஏன் வைத்துக்கொள்கிறார்கள்? வேவர்ஸ் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொட்டகலை_நைட்ஷிஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் இரவு வேலை பார்க்கிறேன். ரொறன்ரோவில் மாலை 7 மணிக்கு ஐஸ் ஹொக்கி ஆட்டம் என்றால் இந்த மாதங்களில் நமக்கு விடிகாலை 4.30. ஷிஃப்டில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிற நேரம் அது, சிக்னல் இருந்தால் ஃபோனில் பார்ப்பேன். ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மா மகன் பழக்கிவிட்டான், இப்போது ஐஸ் ஹொக்கி இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு செப்டெம்பரும் ஒரே கதை நடக்கிறது. 20, 21 வயதுப் பையன் ஒருவன் ப்ரீசீசனில், அதாவது பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் வந்து ஓடு ஓடு என்று ஓடுகிறான், இரண்டு கோல் போடுகிறான், டிவியில் எல்லோரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். பயிற்சி கேம்ப் முடியும்போது பார்த்தால் அவன் ஏ.எச்.எல். என்ற கீழ்மட்ட லீக்கில் ஆடும் ரொறன்ரோவின் துணை அணியான மார்லீஸுக்குப் போயிருப்பான். நாலாவது லைனில் (மாறி மாறி இறங்கும் மூவர் கூட்டங்களில் கடைசியில்) எட்டு நிமிடம் ஆடி, ஒரு ஷொட் கூட அடிக்காத 29 வயதுக்காரர் மேலே இருப்பார். அண்ணனிடம் கேட்டால் “வேவர்ஸ்டா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான்.

அந்த வேவர்ஸ் உண்மையில் எப்படி வேலை செய்கிறது? அப்புறம், நன்றாக ஆடியவனுக்கு இடம் இல்லை என்றால் ப்ரீசீசன் எதற்கு? இரண்டாவது கேள்வியைக் கோபத்தில்தான் கேட்கிறேன், ஆனாலும் பதில் வேண்டும்.

பதுளை_டீச்சர்:

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பருவம் தொடங்கும்போது மேல்மட்ட லீக்கான என்.எச்.எல்.லில் ஓர் அணி 23 பேரைத்தான் வைத்திருக்கலாம். ஆட்ட நாளில் 20 பேர் ஜெர்சி உடுத்தி இறங்குவார்கள்: 18 ஆட்டக்காரர்கள், 2 கோல்கீப்பர்கள். வழக்கமாக அந்த 18 பேரில் 12 பேர் ஃபோர்வர்ட், 6 பேர் டிஃபென்ஸ். மிச்சம் மூன்று இடம் இருக்கிறதே, செப்டெம்பர் சண்டை முழுக்க அந்த மூன்று இடத்துக்கும் நாலாவது லைனின் ஓரத்துக்கும்தான். முதல் இரண்டு லைனில் யார் என்பது கேம்ப் தொடங்கும் முன்பே ஏறக்குறைய தெரிந்துவிடும்.

இப்போது ஒருவரை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப வேண்டும் என்றால், அவர் விலக்குப் பெற்றவராக இல்லாவிட்டால் முதலில் வேவர்ஸில் போட வேண்டும். 24 மணி நேரம் மற்ற 31 அணிகளும் அவரைப் பார்க்கும். யாராவது கேட்டால் அவர் அப்படியே, அதே ஒப்பந்தத்தோடு, அந்த அணிக்குப் போய்விடுவார். பதிலுக்கு ஆட்டக்காரரும் கிடையாது, டிராஃப்ட் இடமும் (புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஓர் இடம்) கிடையாது. பல அணிகள் கேட்டால் நவம்பர் 1 வரை போன பருவத்தில் கீழே இருந்த அணிக்கு முதல் உரிமை, அதற்குப் பிறகு நடக்கும் பருவத்தின் புள்ளிப்பட்டியல்படி. யாரும் கேட்காவிட்டால்தான் கீழே அனுப்பலாம்.

விலக்கு யாருக்கு என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. 18 வயதில் முதல் ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரருக்குப் பொதுவாக 5 பருவம் அல்லது 160 என்.எச்.எல். ஆட்டம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை விலக்கு. 20 வயதில் போட்டிருந்தால் 3 பருவம் அல்லது 160 ஆட்டம். 25 வயதிலோ அதற்குப் பிறகோ போட்டவருக்கு ஒரே ஒரு பருவம்தான். கோல்கீப்பர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் பழுக்க நாளாகும் என்பதால் ஆண்டுகள் கூட, ஆட்டங்கள் குறைவு. ஆக, நீங்கள் சொல்லும் 20 வயதுப் பையனை இன்றைக்கு மார்லீஸுக்கு அனுப்பிவிட்டு நாளை மறுநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம், யாரும் தொட முடியாது. அந்த 29 வயதுக்காரரை அனுப்பும்போது யாராவது கேட்டுவிட்டால் போனது போனதுதான். பொது மேலாளர் தன்னிடம் கேட்டுக்கொள்வது “இன்றைக்கு யார் நல்லவர்” என்று இல்லை, “யாரை அனுப்பினால் திரும்பக் கிடைப்பார்” என்று. பையனை அனுப்பினால் இரண்டு பேரும் கையில் இருப்பார்கள். மற்றவரை அனுப்பினால் ஒருவர்தான் மிஞ்சலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ப்ரீசீசன் ஆட்டத்தில் ஓர் அணி குறைந்தது 8 அனுபவசாலிகளை இறக்கினால் போதும். உங்கள் பையன் போட்ட அந்த இரண்டு கோலும் அடுத்த வாரம் வேறு லீக்குக்குப் போகப்போகும் டிஃபென்ஸ்காரருக்கு எதிராக இருந்திருக்கலாம். அதனால்தான் நான் கோலைப் பார்ப்பதில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களில், எதிரணி தன் முழு பலத்தோடு வரும்போது, பையனை யாருக்கு எதிராக இறக்குகிறார்கள், பெனால்டி கில்லில் (தண்டனையால் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரத்தில்) விடுகிறார்களா என்று பார்ப்பேன். எட்டு நிமிடம் ஆடும் அந்த நாலாவது லைன்காரர் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) தடுத்து உடம்பில் வாங்குவதும் ஃபேஸோஃப் (ஆட்டம் தொடங்க நடுவர் பக்கைப் போடும்போது நடக்கும் போட்டி) எடுப்பதும் ஹைலைட்டில் வராது.

மஸ்கெலியா_நீலவெள்ளை:

டீச்சர் சொன்ன விதி எல்லாம் சரி, ஆனால் அந்த யோசனையையே முழுக்க நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ரொறன்ரோவிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 அக்டோபர். இன்னும் எனக்கு ஆறவில்லை.

முதல் கோல்கீப்பர் ஃபிரெடரிக் ஆண்டர்சன். அவருக்குப் பின்னால் ஓர் இடத்துக்கு மூன்று பேர்: கர்ட்டிஸ் மக்எல்ஹினி, கெல்வின் பிக்கார்ட், கெரட் ஸ்பார்க்ஸ். ஸ்பார்க்ஸ் அந்தக் கோடையில்தான் மார்லீஸோடு ஏ.எச்.எல்.லின் கால்டர் கோப்பை வென்றிருந்தார், அந்த லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்குத்தான். மூன்று பேருக்குமே வேவர்ஸ் தேவை, யாருக்கும் விலக்கு இல்லை. வயது குறைந்தவர், எதிர்காலம் உள்ளவர், வேவர்ஸில் போட்டால் நிச்சயம் போய்விடுவார் என்று ஸ்பார்க்ஸை வைத்துக்கொண்டார்கள். மற்ற இருவரையும் வேவர்ஸில் போட்டார்கள். ஒரே நாளில் இருவரும் போனார்கள். மக்எல்ஹினியை கரோலினா எடுத்தது, பிக்கார்டை ஃபிலடெல்ஃபியா எடுத்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மக்எல்ஹினி கரோலினாவில் பருவம் முழுக்க ஒழுங்காக ஆடினார், 2019 பிளேஓஃபில் (பருவத்துக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுகளில்) முதல் கோல்கீப்பர் காயப்பட்டபோது 35 வயதில் தன் முதல் பிளேஓஃப் ஆட்டத்தைத் தொடங்கினார், அந்த அணி கொன்ஃபரன்ஸ் இறுதி, அதாவது கோப்பைக்கான அரையிறுதி வரை போனது. நாங்கள் வழக்கம்போல முதல் சுற்றில் பொஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். அந்தத் தொடரில் ஆண்டர்சனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது ஸ்பார்க்ஸ்கூட இல்லை, மைக்கல் ஹட்சின்சன். கோடையில் ஸ்பார்க்ஸை வேகாஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதனால் நான் சொல்வது, யாரை இழப்போம் என்ற பயத்திலேயே முடிவெடுத்தால் இன்றைக்கு வெல்ல உதவக்கூடிய ஆளை விட்டுவிடுவோம். தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1967க்குப் பிறகு என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை பார்க்காத அணிக்கு, அக்டோபரில் ஆடத் தகுதியுள்ளவன் அக்டோபரில் ஆட வேண்டும்.

பதுளை_டீச்சர்:

மஸ்கெலியா, 2018 எனக்கும் வலிக்கிறது. ஆனால் அங்கே தவறு வேவர்ஸ் யோசனையில் இல்லை என்று நினைக்கிறேன். ஓர் இடத்துக்கு மூன்று பேரைக் கடைசி நாள் வரை வைத்திருந்ததுதான் தவறு. செப்டெம்பரிலேயே ஒருவரை ஒரு டிராஃப்ட் இடத்துக்காவது விற்றிருக்கலாம். கோல்கீப்பர்கள் பொதுவாக வேவர்ஸில் தப்பிவிடுவார்கள், ஏனென்றால் எல்லா அணியிலும் இரண்டு பேர் முடிவாகியிருப்பார்கள். அந்த வாரம் கரோலினாவில் ஸ்கொட் டார்லிங் காயப்பட்டிருந்தார், தேவை திறந்துகிடந்தது. மற்ற அணிகளின் காயப் பட்டியலைப் பார்க்காமல் கோல்கீப்பரை வேவர்ஸில் போடக்கூடாது, அதுதான் என் பாடம்.

அப்புத்தளை_வடக்குக்காற்று:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பெரிய சம்பளக்காரரை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பினாலும் அவர் சம்பளம் முழுவதும் லீக் ஓர் அணிக்கு வைத்திருக்கும் சம்பள வரம்பின் கணக்கிலிருந்து போகாது. குறைந்தபட்சச் சம்பளமும் அதோடு 3,75,000 டொலரும் சேர்ந்த தொகைதான் சம்பள வரம்பிலிருந்து கழியும். 2025-26 பருவத்தில் அது 11.5 இலட்சம் டொலர். அந்த அக்டோபரில் ரொறன்ரோ டேவிட் காம்ப்ஃபை வேவர்ஸில் போட்டது நினைவிருக்கும். அவர் கணக்கு ஆண்டுக்கு 24 இலட்சம். கீழே அனுப்பியும் 12.5 இலட்சம் கணக்கில் நின்றது. பெனால்டி கில்லும் ஃபேஸோஃபும் தெரிந்த ஒரு சென்டர், ஆனாலும் யாரும் எடுக்கவில்லை, ஒப்பந்தத்தில் அதற்குப் பிறகும் ஒரு பருவம் மிச்சம் இருந்தது. அதே ஆள் 8 இலட்சத்துக்கு இருந்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார்.

அதனால் வேவர்ஸ் பட்டியல் வரும்போது பெயரைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள், முதலில் சம்பளத்தையும் மிச்ச ஆண்டுகளையும் பாருங்கள்.

லிந்துலை_லோகா:

எல்லோரும் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறோம். வேவர்ஸில் பெயர் வரும் அந்த ஆளின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்.எச்.எல்.லின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-26இல் பருவத்துக்கு 7,75,000 டொலர். இரு வழி ஒப்பந்தம் போட்டிருப்பவர் ஏ.எச்.எல்.லுக்குப் போன நாளிலிருந்து அதில் ஒரு சிறு பங்குதான் பெறுவார், சம்பளம் நாள் கணக்கில் ஓடும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், மேலே ஒரு நாள் கூடுதலாக இருப்பது அவருக்கு என்ன என்று எனக்குப் புரிகிறது. ஒரு வழி ஒப்பந்தக்காரருக்கு எங்கே ஆடினாலும் அதே சம்பளம், அவருக்குப் போவது மானமும் வாய்ப்பும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பார், வீடு வாடகைக்கு எடுத்திருப்பார், 24 மணி நேரத்தில் நாட்டின் மறுகோடிக்குப் போக வேண்டிவரலாம்.

ஆனால் அதே 24 மணி நேரம்தான் பலருடைய வாழ்க்கையைத் திறந்துவிட்டும் இருக்கிறது. குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங்கைப் பாருங்கள். 2021 ஜனவரியில், அந்த ஆண்டு பருவம் தாமதமாகத் தொடங்கியபோது, கேம்ப் முடிவில் கரோலினா அவரை வேவர்ஸில் போட்டது. அதற்கு முந்தைய பருவம் முழுக்க அவர் ஏ.எச்.எல்.லில்தான் ஆடினார். ஃபுளோரிடா எடுத்தது. 2024இலும் 2025இலும் ஸ்டான்லி கோப்பை வென்ற அணியின் முதல் ஜோடி டிஃபென்ஸ்காரர் அவர், 8 ஆண்டுக்கு 460 இலட்சம் டொலர் ஒப்பந்தம். கரோலினா போன்ற டிஃபென்ஸ் பார்க்கத் தெரிந்த அணியே அவரை ஒன்றும் வாங்காமல் விட்டது. மைக்கல் கிராப்னர் 2010 அக்டோபரில் ஃபுளோரிடாவால் விடப்பட்டு ஐலண்டர்ஸுக்குப் போய் அந்தப் பருவமே 34 கோல் போட்டார். கிறிஸ் குனிட்ஸ் 2005 அக்டோபரில் அனாஹைமிலிருந்து வேவர்ஸில் அட்லாண்டாவுக்குப் போனார், இரண்டே ஆட்டம், அட்லாண்டா மறுபடியும் வேவர்ஸில் போட, அனாஹைமே திரும்ப எடுத்தது. அவர் கடைசியில் நான்கு ஸ்டான்லி கோப்பை வென்றார்.

ரொறன்ரோவிலிருந்தும் உண்டு. 2021 அக்டோபரில் மைக்கல் அமாடியோவை மூன்று ஆட்டத்தோடு வேவர்ஸில் போட்டார்கள், வேகாஸ் எடுத்தது, 2023இல் அவர் கோப்பையைத் தூக்கினார். அதே மாதம் அடம் புரூக்ஸை மொன்றியல் எடுத்தது, அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள் மொன்றியல் அவரை வேவர்ஸில் போட, அவரையும் வேகாஸ் எடுத்தது. ஒரு மனிதன் எத்தனை ஜெர்சி மாற்றுவான் சொல்லுங்கள்.

அதனால் அந்த 29 வயதுக்காரரை “ஒன்றும் செய்யாதவர்” என்று சொல்லாதீர்கள் தம்பி. அவர் அந்த இடத்துக்கு வர பத்து ஆண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போயிருப்பார்.

கொட்டகலை_நைட்ஷிஃப்ட்:

டீச்சர், அண்ணன்மார், எல்லோருக்கும் நன்றி. லோகா அண்ணே, நீங்கள் சொன்னது மனதில் நிற்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாமா? ஒன்று, 18, 19 வயதுப் பையன்கள் சிலர் ஒன்பது ஆட்டம் ஆடிவிட்டு ஜூனியருக்குப் போய்விடுகிறார்களே, அவர்களை ஏன் மார்லீஸுக்கு அனுப்புவதில்லை, இவர்களுக்கும் வேவர்ஸ் தேவையா? இரண்டு, ஒரு அணி தன் ஆட்டக்காரரை வேவர்ஸில் இழக்காமல் கீழே அனுப்ப ஏதாவது நல்ல நேரம் இருக்கிறதா? எல்லோரும் கடைசி நாளில் ஒன்றாகப் போடுவதைப் பார்க்கிறேன், அது சோம்பலா, திட்டமா?

பதுளை_டீச்சர்:

முதல் கேள்வி. அவர்களுக்கு வேவர்ஸ் தேவையில்லை. ஆனால் கனேடிய ஜூனியர் லீக்குகளிலிருந்து டிராஃப்ட் செய்யப்பட்ட 20 வயதுக்குக் குறைந்தவர்களை நேராக ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப 2025-26 பருவம் வரை பொதுவாக விதி விட்டதில்லை. ஒன்று என்.எச்.எல்., இல்லாவிட்டால் பழைய ஜூனியர் அணி. ஐரோப்பாவிலிருந்து வந்த அதே வயதுப் பையனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் ஒரே கேம்ப்பில் இரண்டு 18 வயதுப் பையன்களுக்கு இரண்டு விதமான முடிவு வரும். ஒன்பது ஆட்டம் என்பது ஒப்பந்தக் கணக்கு. பத்தாவது ஆட்டம் ஆடினால் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு எரிந்துவிடும், ஒன்பதோடு நிறுத்தினால் அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே ஒன்பது ஆட்டமும் அவனுக்கு நீட்டிய ப்ரீசீசன்தான்.

இரண்டாவது கேள்வியை மஸ்கெலியா என்னைவிட நன்றாகச் சொல்வார், அவர் அந்தப் பட்டியலைத் தூங்காமல் பார்ப்பவர்.

மஸ்கெலியா_நீலவெள்ளை:

திட்டம்தான் தம்பி. ஓர் ஆட்டக்காரரை எடுக்கிற அணி அவரைத் தன் 23க்குள் வைத்திருக்க வேண்டும், நேராகக் கீழே அனுப்ப முடியாது, அனுப்ப வேண்டுமானால் அவர்களும் வேவர்ஸில் போட வேண்டும். அப்போது பழைய அணி திரும்பக் கேட்கலாம், அப்படிக் கேட்டது பழைய அணி மட்டும்தான் என்றால் அவரை வேவர்ஸ் இல்லாமலே ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஆக எடுப்பது என்றால் தன் ஆள் ஒருவரை வெளியே தள்ளுவது என்று அர்த்தம். கடைசி இரண்டு நாளில் எல்லா அணியும் தங்கள் ஆட்களையே குறைக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும், பட்டியலில் ஒரே நாளில் பல பெயர்கள் வரும், அந்தக் கூட்டத்தில் உங்கள் ஆள் தெரியாமல் தப்பிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் ஒன்றாகப் போடுகிறார்கள். பருவம் நடுவில், இரண்டு டிஃபென்ஸ்காரர் காயப்பட்ட அணிகள் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தனியாக ஒரு பெயர் வந்தால் எல்லோர் கண்ணும் அதில்தான்.

ஆனால் கடைசி நாளிலும் ஆபத்து இருக்கிறது. நல்ல ஆட்கள் அன்றைக்குத்தான் வருவார்கள் என்று கீழே இருக்கும் அணிகள் ஓர் இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கும், முதல் உரிமையும் அவர்களுக்குத்தான். அதனால் சில மேலாளர்கள் செப்டெம்பர் கடைசியிலேயே, மற்றவர்கள் இன்னும் தங்கள் பையன்களை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் ஒருவரைப் போட்டுப் பார்ப்பார்கள். அதில் ஒரு வசதியும் உண்டு. ஒருமுறை யாரும் எடுக்காமல் தப்பிவிட்டால், மேலே 10 ஆட்டம் ஆடும் வரை அல்லது 30 நாள் ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) இருக்கும் வரை அவரை மறுபடி வேவர்ஸ் இல்லாமல் ஏற்றி இறக்கலாம். மார்லீஸ் அதே நகரத்தில் இருப்பதால் ரொறன்ரோவுக்கு இது பெரிய வசதி, காலையில் கூப்பிட்டு மாலையில் ஆட வைக்கலாம்.

இன்னொன்று, லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய ஒப்பந்தப்படி 2026-27இலிருந்து பருவம் 84 ஆட்டம், ப்ரீசீசன் ஓர் அணிக்கு அதிகபட்சம் 4 ஆட்டம்தான். ஓரத்தில் நிற்கும் பையன்களுக்குத் தங்களைக் காட்ட நேரம் இன்னும் குறையும், பயிற்சியாளர்கள் போன பருவத்துக் குறிப்பையே அதிகம் நம்புவார்கள் என்பது என் கணிப்பு. டீச்சரோடு எனக்குச் சண்டை அங்கேதான். நான்கே ஆட்டத்தில் ஒருவன் மூத்தவனை முந்திவிட்டான் என்றால் அவனுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசி வாரம் ரோஸ்டர் கெடு அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு அதிகாலை 2.30. நீங்கள் ஷிஃப்டில்தான் இருப்பீர்கள், பட்டியல் வந்தவுடன் இங்கே போட்டுவிடுங்கள். முதலில் 14ஆவது ஃபோர்வர்டா, 8ஆவது டிஃபென்ஸா என்று பாருங்கள். எட்டு டிஃபென்ஸ் வைத்திருந்தால் யாரோ ஒருவரின் காயத்தை மறைக்கிறார்கள், இல்லாவிட்டால் வேவர்ஸில் போடப் பயப்படும் ஆள் ஒருவர் அந்த எட்டில் இருக்கிறார்.